செல்லும் செலவை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களுக்கும், மூப்பர்களுக்கும், ஞானஸ்நான வகுப்பு எடுக்கும் சகோதர சகோதரிகளுக்கும்,

ஸ்தோத்திரம்.

ஒரு விண்ணப்பம் செய்யத்தான் இதை எழுதுகிறேன். இயேசுவின் பின்னே வருகிறேன் என்று ஒருவர் எழுந்து நிற்கும்போது, அவர் தண்ணீருக்குள் இறங்குவதற்கு முன்பே, இந்த வழியில் என்னென்ன இழக்க நேரிடும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். பாதியைச் சொல்லிவிட்டு, மீதியைப் போகப்போகத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். தெரியாமல் வந்தவர்கள் என்ன பாடு படுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் அப்படி வந்தவள்.

ஞானஸ்நானம் எடுத்தபோது எனக்கு 23 வயது. மூன்று வகுப்புகள் நடந்தன. பாவமன்னிப்பு, நித்திய ஜீவன், ஜெபம், திருவிருந்து எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள். நல்ல வகுப்புகள்தான், கற்றுக்கொடுத்தவரும் உண்மையான மனிதர். ஆனால் பின்பற்ற ஆகும் செலவைக் கணக்குப் பார்க்கச் சொல்லும் லூக்கா 14-ஆம் அதிகாரத்தை யாரும் திறக்கவில்லை. கடைசி நாளில் "விசுவாசிக்கிறாயா?" என்று கேட்டார்கள். "விசுவாசிக்கிறேன்" என்றேன். எதற்கெல்லாம் சம்மதம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து, வேலை பார்த்த இடத்தில் ஒரு பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முடியாது என்றேன். அடுத்த சில வாரங்களில் வேலை போய்விட்டது. வீட்டில், உன் பக்தி சோறு போடுமா என்று கேட்டார்கள். வேலை போனதைக்கூட ஒரு மாதிரி தாங்கிக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு கேள்வி என்னைத் தின்றது: ஆண்டவருக்காக நின்றேனே, அவர் ஏன் என்னைக் கைவிட்டார்? சமாதானம் வரும், கதவுகள் திறக்கும், குறைவில்லாமல் நடத்துவார் என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதனால் என்னிடம்தான் ஏதோ பாவம் ஒளிந்திருக்கிறது என்று நினைத்து உபவாசம் இருந்து தேடினேன். எதுவும் அகப்படவில்லை. பிறகு கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

சபையில் வயதான ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. யோவான் 16-ஐ எடுத்து வாசித்தார். "நீங்கள் இடறலடையாதபடிக்கு இவைகளை உங்களுக்குச் சொன்னேன்." வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "இதை யாரும் உனக்குச் சொல்லவே இல்லையா, மகளே?"

அந்த அம்மாவின் கேள்வியைத்தான் இப்போது உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். அந்த வசனத்தில் ஆண்டவர் சொல்லும் காரணத்தைப் பாருங்கள். துன்பம் வரும்போது சீஷர்கள் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே சொல்கிறார். நடக்கும்போது, நான் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். எனக்கு நடந்ததே நடக்கும் என்று முன்பே கேட்டிருந்தால், வேலை போன அன்று நான் அழுதிருப்பேன்; ஆனால் அவரைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். அதே துன்பம்தான். சொல்லி வந்ததற்கும் சொல்லாமல் வந்ததற்கும் நடுவே என் விசுவாசமே அறுந்துபோகப் பார்த்தது.

லூக்கா 14-இல் அந்தப் பேச்சு எந்த நேரத்தில் நடக்கிறது என்று கவனித்திருப்பீர்கள். திரளான கூட்டம் அவரோடு நடந்துவருகிறது. நம்மில் யாராக இருந்தாலும், கூட்டம் சேரும் நேரத்தில் வாயைத் திறந்து அதைக் கலைக்க மாட்டோம். அவர் திரும்பிப் பார்த்துப் பேசுகிறார். தகப்பன், தாய், மனைவி, பிள்ளைகள், தன் ஜீவன் இவற்றைவிட என்னை மேலாக வைக்காதவன் எனக்குச் சீஷனாயிருக்க முடியாது. தன் சிலுவையைச் சுமக்காதவனும் முடியாது. பிறகு கோபுரம் கட்டப் போகிறவனின் கதை. கட்டி முடிக்கத் தன்னிடம் வகை இருக்கிறதா என்று முதலில் உட்கார்ந்து, "செல்லுஞ்செலவைக்" கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்கிறார். "உட்கார்ந்து" என்ற அந்த ஒரு சொல்லில் நான் பல நாட்கள் நின்றிருக்கிறேன். நாம் ஆட்களை எழுந்து நிற்கச் சொல்கிறோம், முன்னால் வரச் சொல்கிறோம், பாட்டு முடிவதற்குள் தீர்மானம் எடுக்கச் சொல்கிறோம். ஆண்டவர் முதலில் உட்காரச் சொல்கிறார்.

அடுத்து வரும் ராஜாவின் கதையைப் பற்றி என் மனதில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். பதினாயிரம் பேரோடு இருப்பவன், இருபதினாயிரம் பேரோடு வருகிறவனை எதிர்க்க முடியுமா என்று யோசிக்கிறான். முடியாது என்றால் அவன் தூரத்தில் இருக்கும்போதே சமாதானம் பேச ஆள் அனுப்புகிறான். கோபுரக் கதை, பின்பற்ற ஆகும் செலவைப் பற்றியது. இந்தக் கதையில், பின்பற்றாமல் இருப்பதற்கும் ஒரு செலவு உண்டு என்ற எச்சரிக்கையும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதனால் செலவைச் சொல்லும்போது ஒரு பக்கத்தை மட்டும் சொன்னாலும் கணக்குத் தப்பிவிடும். நிலத்தில் புதையலைக் கண்டவன் சந்தோஷத்தினால் போய் எல்லாவற்றையும் விற்றான் என்று மத்தேயு 13-இல் இருக்கிறதே, அந்தச் சந்தோஷத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பவுல் எல்லாவற்றையும் நஷ்டமென்று எண்ணினார் என்றால், கிடைத்தது என்னவென்று தெரிந்த பிறகுதான் எண்ணினார்.

பழைய ஏற்பாட்டில் யோசுவா 24-ஐ வாசிக்கும்போதெல்லாம் ஆச்சரியப்படுகிறேன். ஜனங்கள் எல்லாரும் ஒரே குரலாய், கர்த்தரையே சேவிப்போம் என்கிறார்கள். ஒரு தலைவருக்கு இதைவிட இனிய நேரம் ஏது? யோசுவாவோ, உங்களால் முடியாது, அவர் பரிசுத்தமுள்ள தேவன் என்று பதில் சொல்கிறார். அவர்கள் மறுபடியும் சொன்ன பிறகுதான், சரி, இதற்கு நீங்களே சாட்சிகள் என்கிறார். நகோமியும் அப்படித்தான். மருமகள்கள் இருவரும் அழுதுகொண்டே கூட வருகிறோம் என்கிறபோது, என்னோடு வந்தால் உங்களுக்கு எதிர்காலம் இல்லை, திரும்பிப் போங்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறாள். ஒர்பாள் முத்தமிட்டுத் திரும்பிப் போகிறாள். வேதம் அவளை ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. ரூத்தின் "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்ற வார்த்தைக்கு இத்தனை கனம் எங்கிருந்து வந்தது? போய்விடு என்று சொல்லக் கேட்ட பிறகும் சொன்னதால் வந்தது.

புதிய விசுவாசிகளுக்கு இதெல்லாம் அதிகப்படி, முதலில் பால் கொடுப்போம், வளர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தெசலோனிக்கேயா பட்டணத்துச் சபையைப் பாருங்கள். பவுல் அங்கே தங்கியது கொஞ்ச காலம்தான். மூன்று ஓய்வுநாள் ஜெப ஆலயத்தில் பேசினார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. சீக்கிரமே கலகம் எழும்பி இரவோடிரவாகக் கிளம்ப வேண்டியதாயிற்று. அந்தக் குறுகிய நாட்களுக்குள் அவர் எதைச் சொல்லி வைத்திருந்தார் என்பது அவர் பின்னால் எழுதிய கடிதத்தில் இருக்கிறது: நமக்கு உபத்திரவம் வரும் என்று உங்களோடு இருந்தபோதே முன்னறிவித்தோம், அப்படியே நடந்தது, உங்களுக்குத் தெரியுமே. அவர் கணக்கில் இது பாலோடு சேர்ந்ததுதான்.

ஆதிச் சபையும் அப்படித்தான் நினைத்தது. 3-ஆம் நூற்றாண்டின் வழக்கங்களைக் காட்டுவதாகக் கருதப்படும் ஒரு பழைய சபை ஒழுங்கு, உபதேசம் கேட்க வருகிறவர் மூன்று வருடம் கேட்கட்டும் என்கிறது. நாட்களைவிட நடத்தையைப் பாருங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறது. வாசலிலேயே அவர் என்ன தொழில் செய்கிறார் என்று விசாரிப்பார்கள். விக்கிரகம் செய்கிறவர், களத்தில் மனிதரோடு சண்டையிட்டு ஜனங்களுக்கு வேடிக்கை காட்டுகிறவர், விபசார விடுதி நடத்துகிறவர் ஆகியோரிடம், அதை விட்டுவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் சேர்க்க முடியாது என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். பிழைப்பு போகும் என்பது அவர்களுக்கு வகுப்பு தொடங்கும் முன்பே தெரியும். எனக்கு இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தது.

சுமார் 112-இல் பிளினி என்ற ரோம ஆளுநர் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், தான் விசாரித்த கிறிஸ்தவர்களைப் பற்றிச் சொல்கிறார். அவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியும் முன்னே கூடி, கிறிஸ்துவைப் பாடி, ஓர் உறுதிமொழி எடுத்துக்கொள்வார்களாம்: திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், கொடுத்த வாக்கை மீற மாட்டோம், நம்பி ஒப்படைத்ததைத் திருப்பிக் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டோம். வாளையும் சிறையையும் எதிர்பார்த்த ஜனங்கள், கணக்கு வழக்கில் நேர்மையாக இருப்பதை விடாமல் தங்களுக்கே சொல்லிக்கொண்டார்கள். அதே கடிதத்தில், முன்பு கிறிஸ்தவர்களாக இருந்தோம், விட்டுவிட்டோம் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள்; சிலர் 20 வருடத்துக்கு முன்பே விட்டவர்கள். மறுதலிப்பு நம் காலத்தில் தொடங்கிய வியாதி இல்லை.

250-இல் டேசியஸ் என்ற ரோமப் பேரரசர், எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டபோது என்ன நடந்தது என்று கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்ரியான் எழுதிவைத்திருக்கிறார். யாரும் பிடித்து இழுக்கும் முன்பே விசுவாசிகள் தாங்களாகவே ஓடிப்போய்ப் பலியிட்டார்களாம். நீண்ட சமாதான காலம் சபையை மெத்தனமாக்கிவிட்டது என்று அவர் வருந்துகிறார். விழுந்தவர்களை மறுபடி சேர்ப்பதா வேண்டாமா என்ற கேள்வி அந்தச் சபைகளைப் பல வருடம் உலுக்கியது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவேளை அவர்களில் பலர் என்னைப் போலவே, செலவு இன்னதென்று கேட்காமல் வளர்ந்தவர்களாக இருந்திருக்கலாம்.

அதே கார்த்தேஜில் அதற்கு 47 வருடம் முன்பு, 203-இல், பெர்பெத்துவா என்ற சுமார் 22 வயதுப் பெண் பிடிபட்டாள். கையில் பால்குடிக் குழந்தை. அவளும் அவளோடு பிடிபட்டவர்களும் இன்னும் ஞானஸ்நானம் பெறாதவர்கள், வகுப்பில் இருந்தவர்கள். தகப்பன் வந்து கெஞ்சினார். பிடிபட்ட பிறகு, காவலில் இருந்த நாட்களில்தான் அவள் ஞானஸ்நானம் பெற்றாள். அவள் சொன்ன "ஆம்" என்ன என்று அவளுக்குத் தெரியும். உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறொரு பெயர்: சாத்துருஸ். அவர்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். அவர்களைப் பிடித்துப்போனபோது அவர் அங்கே இல்லை. தப்பித்திருக்கலாம். என் மாணவர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று தானாகவே போய் ஒப்புக்கொடுத்து, அவர்களோடு மரித்தார். வகுப்பு எடுப்பது என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், நான் அவரை நினைத்துக்கொள்வேன்.

செலவைச் சொன்னால் ஆட்கள் வர மாட்டார்கள் என்ற பயம் உங்களில் பலருக்கு இருக்கிறது. இருக்கத்தான் செய்யும், சபையைக் கட்டி எழுப்ப நீங்கள் படும் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. சிலர் வராமல் போவார்கள் என்பதும் உண்மை. ஐசுவரியமுள்ள அந்த வாலிபன் துக்கத்தோடு போய்விட்டான். மாற்கு மட்டும் அதில் ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கிறார்: இயேசு அவனைப் பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்தார். அன்புகூர்ந்துதான் அதைச் சொன்னார். அவன் போனபோது பின்னாலேயே ஓடி, சரி, பாதியை விற்றால் போதும் என்று சொல்லவில்லை. யோவான் 6-இல் அநேகர் பின்வாங்கிப் போனபோதும், பன்னிரண்டு பேரிடம், நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களா என்று கேட்டார். போவதற்கும் வழி திறந்திருந்ததால்தான், யாரிடத்தில் போவோம் ஆண்டவரே என்று பேதுரு சொன்ன பதில் இன்றுவரை நம்மைத் தொடுகிறது.

அடோனிராம் ஜட்சன் என்ற மிஷனரியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1810-இல் அவர் தான் மணக்க விரும்பிய ஆன் என்ற பெண்ணின் தகப்பனாருக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் மகளை இந்த உலகத்தில் மறுபடி பார்க்காமலே போக நீங்கள் சம்மதிப்பீர்களா; கடல் ஆபத்து, ஒத்துக்கொள்ளாத தட்பவெப்பம், வறுமை, அவமானம், உபத்திரவம், ஒருவேளை கொடிய மரணம், இவற்றுக்கும் சம்மதமா என்று கேட்டார். பெண் கேட்டு எழுதும் கடிதத்தில் யார் இப்படி எழுதுவார்கள்? தகப்பனார் முடிவை மகளிடமே விட்டார். அவள் சம்மதித்தாள். 1812-இல் கப்பல் ஏறினார்கள். பர்மாவில் முதல் விசுவாசி ஞானஸ்நானம் பெற 1819 வரை காத்திருந்தார்கள். கணவர் சிறையில் இருந்த நாட்களில் அவருக்காக அதிகாரிகளிடம் அலைந்து திரிந்தவள் அவள்தான். 1826-இல் அங்கேயே இறந்துபோனாள். அந்தக் கடிதத்தில் இல்லாத எதுவும் அவளுக்கு நடக்கவில்லை என்று நினைக்கும்போது எனக்குக் கண் கலங்குகிறது. ஜட்சன் அவளை ஏமாற்றி அழைத்துப்போகவில்லை.

இனிமேல் எழுதப்போவது கொஞ்சம் கஷ்டமான விஷயம். செலவைச் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். செலவைக் கூட்டுங்கள் என்று கேட்கவில்லை. "சிலுவை சுமக்க வேண்டும்" என்ற வார்த்தையைத் தவறான இடத்தில் வைத்துப் பேசுவதையும் நான் கேட்டிருக்கிறேன். வீட்டில் அடிவாங்கும் பெண்ணிடம், இது உன் சிலுவை, பொறுத்துக்கொள் என்று சொல்கிறார்கள். தலைவரைக் கேள்வி கேட்கிறவரிடம், கீழ்ப்படிதலும் சீஷத்துவம்தான் என்கிறார்கள். கடனில் இருப்பவரிடம் இன்னும் காணிக்கை கேட்கிறார்கள். கிறிஸ்து கேட்ட விலை இதுவல்ல. சுமப்பதற்கு அரிதான பாரங்களைக் கட்டி மனுஷர் தோளில் வைப்பவர்களை அவர் எப்படிக் கண்டித்தார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாய் தகப்பனைவிட என்னை நேசி என்று சொன்னவரே, காணிக்கையைக் காரணம் காட்டிப் பெற்றோரைக் கைவிடுகிறவர்களையும் கடிந்துகொண்டார். அவருக்காக உண்மையாய் இருப்பதால் வரும் இழப்பு வேறு, ஒருவரின் அக்கிரமத்தை மூடிமறைப்பதற்காகச் சுமத்தப்படும் இழப்பு வேறு. இதையும் வகுப்பிலேயே சொல்லிக்கொடுங்கள். தெரியாதவர்களைத்தான் யாரும் எளிதில் ஏமாற்றுகிறார்கள்.

கிருபை இலவசம்தானே, விலை என்ற பேச்சே எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. இலவசம்தான். ஒரு பைசாகூடக் கொடுத்து அதை வாங்க முடியாது. ஆனால் அதைப் பெற்றுக்கொண்டவர் இனி தனக்குச் சொந்தமானவர் அல்ல. அவருக்கு ஒரு ஆண்டவர் இருக்கிறார். பழைய ஆண்டவன்மார் அவரைச் சும்மா விடமாட்டார்கள். பணம் விடாது, மனுஷரின் மெச்சுதல் விடாது, பழிவாங்கும் ஆசை விடாது. எனக்குக் கணக்கில் கையெழுத்துப் போட மறுத்ததைவிட, என்னை வெளியே அனுப்பியவர்களை மன்னித்ததுதான் அதிகம் செலவானது. அது இன்னும் முழுதாய் முடியவில்லை. தினந்தோறும் சிலுவையை எடுத்துக்கொண்டு என்று லூக்கா 9-இல் இருக்கும் "தினந்தோறும்" எனக்கு அங்கேதான் புரிந்தது.

இப்போது நான் ஒரு சபையில் வகுப்பு எடுக்க உதவி செய்கிறேன். லூக்கா 14-ஐ முதல் நாளே வாசிக்கிறோம். அவசரப்படுவதில்லை. உங்கள் வாழ்க்கையில் இது எங்கே வந்து இடிக்கும் என்று ஒவ்வொருவரையும் யோசித்துவரச் சொல்கிறோம். எங்களுக்கு என்ன போனது என்பதையும் நாங்களே சொல்கிறோம். இப்போது வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அவரை வெட்கப்படுத்தாமல், தொடர்ந்து வாருங்கள் என்கிறோம். சிலர் போய்விட்டார்கள். அவர்களுக்காக ஜெபிக்கிறோம்.

போன வருடம் ஒரு பெண் வந்தாள். இரண்டாவது வகுப்பிலேயே, எனக்கு நாள் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். எட்டு மாதம் ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, யாரிடமும் பேசாமல் போவாள். பிறகு ஒரு நாள், மடித்து வைத்த ஒரு தாளோடு என்னிடம் வந்தாள். இயேசுவைப் பின்பற்றினால் தனக்கு என்னென்ன போகும் என்று வரிவரியாக எழுதியிருந்தாள். வீட்டார் பேசாமல் போவது, நிச்சயிக்க இருந்த திருமணம் நின்றுபோவது, தங்க இடமில்லாமல் போவது. எல்லாவற்றையும் வாசித்துக் காட்டிவிட்டு, இவ்வளவுக்கும் எனக்குச் சம்மதம், அவர் அதற்கு மேலானவர் என்றாள். அப்புறம் கேட்டாள்: "மாற்கு 10-இல், விட்டுவந்தவர்களுக்கு வீடுகளும் சகோதரரும் சகோதரிகளும் தாய்மாரும் இம்மையிலேயே நூறத்தனையாகக் கிடைக்கும் என்று இருக்கிறதே, அது யார் அக்கா?"

அந்த வசனத்தை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். "துன்பங்களோடேகூட" என்ற வார்த்தையைத்தான் அதில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். அந்த வீடுகள் நம்முடைய வீடுகள் என்றும், அந்தத் தாய்மார் நம் சபையின் தாய்மார் என்றும் அவள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டாள். அவளை வரவேற்கும் சபை, தன் பங்குச் செலவைக் கணக்குப் பார்த்திருக்கிறதா?

அந்தத் தாளின் பின்பக்கத்தில் அன்றைக்கு இரண்டு பெயர்களை எழுதிக் கொடுத்தேன். ஒன்று என்னுடையது. இன்னொன்று, என்னைத் தேடி வந்த அந்த வயதான அம்மாவுடையது. மற்ற பெயர்களை உங்களிடம் கேட்டு வாங்கிவருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஞானஸ்நான வகுப்பில் உதவிசெய்யும் ஒரு சகோதரி